நின்றுபோன பழைய வீட்டு வானிலைக் கருவியை மீண்டும் இயக்க உதவி தேவை

சாரல்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பொருத்திய வீட்டு வானிலைக் கருவி ஒன்றை மீண்டும் இயக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வெளியே ஒரு கம்பத்தில் மழைமானி, மூன்று கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானி, காற்றுத்திசைகாட்டி, வெள்ளைத் தட்டுகளை அடுக்கிச் செய்த கூட்டுக்குள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சார் ஆகியவை இருக்கின்றன. இவற்றின் கம்பிகள் எல்லாம் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து ரேடியோ அலை வழியாக வீட்டுக்குள் இருக்கும் திரைக்கு அளவுகள் வரும். பெட்டியின் மேல்பக்கம் சிறிய சோலார் தகடும், அடியில் இரண்டு ஏஏ பேட்டரிகளுக்கான இடமும் உண்டு.

அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு யாரும் கருவியைத் தொடவில்லை. சென்ற வாரம் கம்பத்திலிருந்து இறக்கி மூடியைத் திறந்தபோது, பேட்டரிகள் கசிந்து, ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டுப் புதிய பேட்டரிகளைப் போட்டேன். சிவப்பு விளக்கு ஒரே ஒரு முறை மின்னியது. பிறகு ஒன்றும் இல்லை. வீட்டுத் திரையில் அறை வெப்பநிலையும் காற்றழுத்தமும் தெரிகின்றன. வெளியளவுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான் நிற்கின்றன. திரையின் வலப்பக்க எண்களில் சில பகுதிகள் விடுபட்டு, 8 என்பது 6 போலத் தெரிகிறது.

புதிய கருவி வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் தயங்குவதற்குக் காரணம் அப்பாவின் மழைக் குறிப்பேடுகள். பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு நாள் விடாமல், காலை எட்டு மணிக்கு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன. முதல் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது; இரண்டாவது சிறியது, பல நாள்களில் 0.0. சில இடங்களில் சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்திருக்கிறார். கோட்டுக்குக் கீழே முதல் எண் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசி மூன்று ஆண்டுகளின் மழை, அதற்கு முந்தைய ஆண்டுகளைவிடக் குறைவாகவே இருக்கிறது. மழையே குறைந்ததா, கருவி குறைத்துக் காட்டியதா என்று தெரியவில்லை.

இந்தக் கருவியைக் காப்பாற்ற முடியுமா? முடிந்தால் அந்தக் குறிப்பேட்டை விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புகிறேன். வரும் விடுமுறை நாளில் எல்லாவற்றையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:

சாரல் அவர்களுக்கு வணக்கம். விளக்கு ஒரு முறையாவது மின்னியிருப்பது நல்ல அறிகுறி. சர்க்யூட் பலகைக்கு உயிர் இருக்கிறது. அதற்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை என்பதே என் முதல் சந்தேகம்.

ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது வெளியே கசிந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுவதுதான் நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி. நீலப்பச்சை நிறம் உலோகத்திலுள்ள செம்பு அரிக்கப்பட்டதால் வருவது. கசிந்தது காரம் என்பதால், அதை வெறும் துணியால் துடைத்தால் மேல்படலம் மட்டுமே போகும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்து, நுரைப்பது நிற்கும் வரை ஸ்பிரிங்கையும் தகட்டையும் துடையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரால் ஒரு முறையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறையும் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், அந்தப் பொடி தோலையும் கண்ணையும் அரிக்கும்.

இதைச் செய்தும் சரியாகாவிட்டால் பயப்பட வேண்டாம். பலரும் தவறவிடும் இடம் ஸ்பிரிங் அல்ல, ஸ்பிரிங்கிலிருந்து பலகைக்குப் போகும் கம்பி. கசிந்த திரவம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஊர்ந்து, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலக் கம்பி நெடுகப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி புதிதுபோல இருக்கும். நுனியில் உறையைச் சற்று உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்துப் போயிருக்கும். கறுத்த கம்பியில் பற்றவைக்கும் ஈயம் பிடிக்காது. சுரண்டிச் சரிசெய்ய முயலாமல், முழுக் கம்பியையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது.

கம்பிதான் குற்றவாளியா என்று அறிய, வோல்ட்டையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டர் போதும். பேட்டரி முனைகளில் அளந்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கம்பி பலகையில் ஈயத்தால் சால்டர் செய்யப்பட்டிருக்கும் இடத்தில் அளந்தபடியே பேட்டரியைப் போடுங்கள். டிரான்ஸ்மிட்டர் அலை அனுப்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் சில பத்து மில்லிஆம்பியர் தேவைப்படும். அப்போது பலகையில் வோல்ட் சரிந்து விழுந்தால், இடையில் எங்கோ மின்தடை இருக்கிறது என்று பொருள். நீங்கள் சொல்லும் ஒற்றை மின்னலுக்கு இது பொருத்தமான விளக்கம்.

சோலார் தகடு உள்ள பெட்டிகளில் இன்னொரு நோயாளியும் உண்டு. பகலில் சேர்த்த மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வயதானால் உள்ளுக்குள்ளேயே ஒழுகத் தொடங்கி, புதிய பேட்டரியையும் சேர்த்து வடித்துவிடும். அதன் ஒரு காலைப் பலகையிலிருந்து விடுவித்துவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அதே வோல்ட் அளவுள்ள புதிய ஒன்றைத் துருவம் மாறாமல் போடலாம். சார்ஜ் ஏறும் பேட்டரிகளை இப்போதைக்குத் தவிருங்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் இரண்டும் சேர்ந்து 2.4தான் வரும்.

பெட்டி ஓடத் தொடங்கியதும், திரையும் அதுவும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். முதலில் டிரான்ஸ்மிட்டருக்குப் பேட்டரி போடுங்கள். அதன் பிறகே திரைக்குப் போடுங்கள். இரண்டும் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். அருகருகே வைத்தால் ரிசீவர் திணறும். பல திரைகள் பேட்டரி போட்ட பின் சில நிமிடங்கள் மட்டுமே தேடும். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். அப்படியும் கோடுகளே நின்றால், பழுது அனுப்பும் பக்கத்திலா வாங்கும் பக்கத்திலா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. டிஜிட்டல் தொலைக்காட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி குச்சியைக் கணினியில் செருகி, ஆர்டிஎல்_433 என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், இத்தகைய சென்சார்கள் பலவற்றின் பேச்சைக் கணினியே படித்துக் காட்டும். உங்கள் பெட்டி 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ்களில் எதில் பேசுகிறது என்பது அதன் அடியில் ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

திரையில் விடுபட்ட எண்களுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் ஒரு ரப்பர் பட்டை. பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பும் வெளிறிய நிறமுமாக மயிரிழை வரிகள் தெரியும். கறுப்பு வரி மின்சாரத்தைக் கடத்தும், மற்றது கடத்தாது. அந்தப் பட்டையையும் அது உட்காரும் இடத்தையும் ஆல்கஹாலால் துடைத்து, திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

மழைக்கணக்கு:

சாரல் அவர்களே, ஈயப்பற்று சொன்னவை அனைத்தையும் தயங்காமல் செய்யுங்கள். ஆனால் மழைமானியை மட்டும் தயவுசெய்து இன்னும் கழுவாதீர்கள். உள்ளே இருக்கும் தூசியையும் சிலந்தி வலையையும்கூட அப்படியே விட்டுவையுங்கள்.

கடைசி மூன்று ஆண்டுகளில் கருவி குறைத்துக் காட்டியதா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சி, இப்போது அழுக்கோடு இருக்கும் அந்த மழைமானிதான். நீங்கள் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கிய பிறகு எவ்வளவு துல்லியமாகச் சோதித்தாலும், இனிமேல் அது எப்படி அளக்கும் என்பதைத்தான் அறிவீர்கள். உங்கள் தந்தையார் காலத்தில் எப்படி அளந்தது என்பது தண்ணீரோடு போய்விடும். அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கூடங்களில் கண்டபடி ஓர் அளவும், சரிசெய்த பின் ஓர் அளவும் எடுத்து, இரண்டையும் எழுதிவைப்பது வழக்கம். அதையே நீங்களும் செய்யுங்கள்.

உங்கள் மழைமானியின் உள்ளே ஒரு சிறிய இரட்டைக் குவளை ஏற்றப்பலகைபோல இரு பக்கமும் சாயும். ஒரு பக்கம் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும். மறுபக்கம் புனலுக்கு அடியில் வந்து நிற்கும். சாயும்போது அதன் மேலுள்ள காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து செல்ல, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் ஒரு கணம் ஒட்டிப் பிரியும். திரை எண்ணுவது அந்தக் கணங்களைத்தான்; தண்ணீர் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

புனலின் வாயை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்து பரப்பைக் கண்டுபிடியுங்கள். எடுத்துக்காட்டாக விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பு 201 சதுர செ.மீ.; அதன் மேல் 1 மி.மீ. மழை என்பது 20.1 மில்லிலிட்டர் தண்ணீர். திரையில் மழை அளவு ஏறும் மிகச் சிறிய படி எவ்வளவு என்று பாருங்கள், 0.2 அல்லது 0.3 மி.மீ. ஆக இருக்கும். 1 மி.மீ. மழைக்கு உரிய மில்லிலிட்டரை அந்தப் படியால் பெருக்கினால் ஒரு சாய்வுக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கிடைக்கும். நூறு சாய்வுக்கு உரிய தண்ணீரைத் தராசில் நிறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் போதும். மழைமானியைச் சமதளத்தில் வைத்து, அடியில் ஊசித்துளை இட்ட பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் குவளை சாய்ந்துகொண்டிருக்கும் நொடியிலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்து கணக்கில் வராமல் போகும். கனமழையில் இவ்வகை மானிகள் குறைத்துக் காட்டுவதற்கு அதுவே காரணம்.

அந்த ஒரு மணி நேரமும் அருகிலேயே உட்கார்ந்து, குவளை சாயும் ஒலியைக் காதால் எண்ணித் தாளில் கோடு போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் சோதனையின் உயிர் அதில்தான் இருக்கிறது. காதால் எண்ணியதும் திரை காட்டுவதும் வேறுபட்டால் குற்றம் சுவிட்சில். இரண்டும் ஒன்றாக இருந்தும் நூறைவிட வெகுவாகக் குறைந்தால் குற்றம் குவளையிலோ அதன் அச்சிலோ.

குறிப்பேட்டின் இரண்டு எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல திரைகளில் அன்றைய மழை என்ற கணக்கு நள்ளிரவில் அழிந்து புதிதாகத் தொடங்கும். உங்கள் தந்தையார் காலை எட்டு முதல் மறுநாள் காலை எட்டு வரை ஒரு நாள் என்று கொண்டிருக்கிறார். அதற்கு அந்தக் கணக்கு உதவாது. ஆகவே திரையின் மொத்த மழை எண்ணை முதலில் எழுதி, நேற்றைய மொத்தத்தைக் கழித்து அன்றைய மழையை இரண்டாவதாக எழுதியிருக்கிறார். சிவப்புக் கோடு விழுந்த இடங்கள் பெரும்பாலும் திரையின் பேட்டரி மாற்றிய நாள்களாக இருக்க வேண்டும். அப்போது மொத்தம் அழிந்து சுழியமாகிவிடும். மிகக் கவனமான மனிதர். இப்படி எழுதப்பட்ட குறிப்பேடு வீட்டில் இருப்பது பெரிய செல்வம்.

சாரல்:

இருவருக்கும் நன்றி. நான்கு நாள் வேலைக்குப் பிறகு எழுதுகிறேன்.

ஈயப்பற்று சொன்னதுபோலவே கம்பிதான். கறுப்புக் கம்பியை நுனியில் உரித்தேன். உள்ளே செம்பு கரிபோல இருந்தது. இரண்டு செ.மீ. தள்ளி உரித்தேன், அங்கேயும் அப்படியே. முழுவதையும் மாற்றியதும் சிவப்பு விளக்கு ஒழுங்கான இடைவெளியில் மின்னத் தொடங்கியது. மூன்றாவது நிமிடம் திரையில் கோடுகள் மறைந்து வெளி வெப்பநிலை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்த்தபோது சற்று நேரம் பேச்சே வரவில்லை. ரப்பர் பட்டையைத் துடைத்ததும் 8 மீண்டும் 8 ஆகிவிட்டது. சூப்பர் கெப்பாசிட்டரை விடுவித்தே வைத்திருக்கிறேன்; புதியது கிடைத்ததும் போடுவேன்.

மழைமானியைக் கழுவாமலே சோதித்தேன். உள்விட்டம் 12 செ.மீ., பரப்பு 113.1 சதுர செ.மீ., திரையில் ஏறும் படி 0.3 மி.மீ.; ஆகவே ஒரு சாய்வுக்கு 3.39 மில்லிலிட்டர். நூறு சாய்வுக்கு 339 கிராம் தண்ணீரை ஒன்றரை மணி நேரம் சொட்டவிட்டேன். திரை 30 மி.மீ. காட்டியிருக்க வேண்டும். காதால் எண்ணியது 97. திரை காட்டியது 25.2 மி.மீ., அதாவது 84 சாய்வுகள். நம்ப முடியாமல் மறுநாள் திரும்பவும் செய்தேன். காதுக்கு 97, திரைக்கு 86.

பிறகு மூடியைக் கழற்றி, சுவிட்ச் ஒட்டும்போது ஒலிக்கும்படி ரீட் சுவிட்சின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக் கையால் குவளையைச் சாய்த்துப் பார்த்தேன். வலப்பக்கம் சாயும்போதெல்லாம் ஒலித்தது. இடப்பக்கம் சாயும்போது சில முறை ஒலிக்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்ததில், குவளையின் அச்சு நுழையும் துளையருகே சிலந்தி நூல் பஞ்சுபோலத் திரண்டு, குவளையை மெல்ல ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதனால் காந்தம் சுவிட்சிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியே கடந்திருக்கிறது. நூலை முள்வாங்கியால் எடுத்து, எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி மீண்டும் சோதித்தேன். காதுக்கு 99, திரைக்கு 29.7 மி.மீ., அதுவும் 99.

ஆக, கருவி குறைத்துக் காட்டியது உண்மை. நூறுக்கு 84 என்றால், கடைசி மூன்று ஆண்டுகளின் எண்களை எல்லாம் 1.19 ஆல் பெருக்கித் திருத்திவிடலாமா?

மழைக்கணக்கு:

மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு நூல் உருண்டை ஆறில் ஒரு பங்கு மழையைக் கணக்கிலிருந்து மறைத்துவிடும் என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக் காட்டி நான் பார்த்ததில்லை. கழுவிய பின் விடுபட்ட ஒன்றைப் பற்றிக் கவலை வேண்டாம். புனலின் சுவரில் ஒட்டிய ஈரமும், கடைசியில் நிரம்பாமல் நின்ற குவளையும் அதற்குக் கணக்குச் சொல்லிவிடும்.

ஆனால் பெருக்க வேண்டாம். குறிப்பேட்டின் ஓர் எண்ணைக்கூட அடிக்கவும் வேண்டாம், மேலே எழுதவும் வேண்டாம். சிலந்தி எந்த மாதம் குடியேறியது என்று நமக்குத் தெரியாது. தொடக்கத்தில் நூல் குறைவாக இருந்தபோது நூறில் இரண்டு தவறியிருக்கலாம். பிற்பாடு பதினாறு ஆகியிருக்கலாம். உங்கள் சோதனையிலேயே ஒரு நாள் 13 சாய்வுகளும் மறுநாள் 11 சாய்வுகளும் தவறியிருக்கின்றன. கருவி நின்றுபோன இரண்டு ஆண்டுகளில்தான் நூல் முழுவதும் சேர்ந்தது என்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்படியிருக்க 1.19 என்ற ஒரே எண்ணால் மூன்று ஆண்டுகளையும் பெருக்கினால், ஒரு பிழையை எடுத்துவிட்டு அளவு தெரியாத இன்னொரு பிழையை வைத்தவராவீர்கள். மூல எண்ணும் கையை விட்டுப் போய்விடும்.

எப்போது தொடங்கியது என்று கண்டறிய நீரியலில் பழைய, எளிய வழி ஒன்று உண்டு. உங்களுக்கு மிக அருகிலுள்ள அரசு மழைமானி நிலையத்தின் மாத மழை அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை முதல் மாதத்திலிருந்து ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே வாருங்கள். குறிப்பேட்டின் மாத அளவுகளையும் அவ்வாறே கூட்டுங்கள். நிலையத்தின் கூட்டுத்தொகையைக் கிடைமட்டத்திலும் உங்களுடையதைச் செங்குத்திலும் வைத்துப் புள்ளிகளை இடுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 144 புள்ளிகள் வரும். இரண்டு மானிகளும் மாறாமல் அளந்திருந்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் போகும். மழை குறைந்த ஆண்டிலும் கோடு வளையாது, ஏனென்றால் குறைவு இரண்டுக்கும் பொது. உங்கள் மானி மட்டும் குறைத்துக் காட்டத் தொடங்கிய இடத்தில் கோடு படுக்கத் தொடங்கும். அந்த முறிவு எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். ஓரிரு மாதம் விலகுவதைப் பெரிதுபடுத்தாதீர்கள். ஓர் ஆண்டாவது நீடித்தால்தான் அது முறிவு.

முறிவு தெளிவாகத் தெரிந்தால், திருத்திய எண்களைத் தனித் தாளில், எப்படித் திருத்தினீர்கள் என்ற குறிப்போடு எழுதுங்கள். குறிப்பேடு குறிப்பேடாகவே இருக்கட்டும். சோதனைத் தண்ணீரும் திரையின் மொத்தத்தில் ஏறியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நிழற்கூடு:

இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தேன். மழைமானிக்குக் காட்டிய அதே பொறுமையை மற்ற சென்சார்களுக்கும் காட்டினால்தான் வேலை முடிந்ததாகும் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளைத் தட்டுகள் பதினான்கு ஆண்டு வெயிலில் மஞ்சளித்து, மேலே கரும்படலம் படிந்திருக்கும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் இருக்கிறது. கறுத்துவிட்டால் கூடே சூடாகி, நண்பகலில் காற்றின் வெப்பத்துக்குப் பதிலாகத் தன் வெப்பத்தைக் காட்டும். சென்சாரைக் கழற்றி எடுத்துவிட்டுத் தட்டுகளை மட்டும் சோப்பு நீரில் கழுவுங்கள். உலக வானிலை அமைப்பு வெப்பமானிக்குப் பரிந்துரைக்கும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் வரை. சுவருக்கும் சிமெண்டுத் தரைக்கும் விலகி, புல் அல்லது மண் தரையின் மேல் இருந்தால் நல்லது. நம்பகமான வேறொரு வெப்பமானியோடு ஒப்பிட வேண்டுமானால் விடியலுக்குச் சற்று முன் ஒப்பிடுங்கள். அப்போது வெயிலின் குறுக்கீடு இல்லை.

முதுமை முதலில் தாக்குவது பெரும்பாலும் ஈரப்பத சென்சாரைத்தான். அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய பாலிமர் படலம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் புகையும் தூசியும் பட்டு அது மந்தமாகிவிடும். சோதிக்கச் சாதாரண உப்பே போதும். ஒரு சிறு மூடியில் உப்பை இட்டு, ஈரமணல் பதம் வரும் வரை சில துளி நீர் சேருங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நிற்கும். திரை 71 என்றோ 79 என்றோ காட்டினால் அந்த வேறுபாட்டை எழுதிவைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். 99 இலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தால் அதன் காலம் முடிந்தது.

காற்றழுத்தத்தில் இரண்டு எண்கள் உண்டு: உங்கள் இடத்தில் உள்ள அழுத்தம் ஒன்று, கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம் மற்றொன்று. தாழ்வான இடங்களில் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். காற்று அடங்கிய நாளில், அருகிலுள்ள விமான நிலைய வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தோடு கடல் மட்ட எண்ணை ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அந்த அறிக்கையில் பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் தருவார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

காற்றுவேகமானியின் அச்சுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கொஞ்ச நாளில் களிம்பாகி, மென்காற்றில் கிண்ணங்களைச் சுழலவிடாது. துடைத்துவிட்டு ஊதிப் பாருங்கள். தங்குதடையின்றிச் சுழன்று மெல்ல நிற்க வேண்டும், வெடுக்கென்று நிற்கக் கூடாது. திசைகாட்டியை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பி, திரையில் எல்லாத் திசைகளும் வருகின்றனவா என்று பாருங்கள். ஏதேனும் ஒரு திசை மட்டும் வராமலே தாண்டிப் போனால், அதற்குள் இருக்கும் ரீட் சுவிட்சுகளில் ஒன்று செத்திருக்கிறது. கம்பத்தில் ஏற்றும்போது காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உங்கள் ஊரில் எத்தனை பாகை வேறுபாடு என்று பார்த்துத் திருப்புங்கள்.

சாரல்:

எல்லாவற்றையும் செய்தேன். உப்புச் சோதனையில் ஈரப்பதம் 70 காட்டியது. குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிவிட்டேன். திசைகாட்டியில் தென்மேற்கு மட்டும் வரவில்லை. பழைய குறிப்புகளில் காற்றின் திசை இல்லை என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். அரசு நிலையத்தின் மாத அளவுகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். வந்ததும் புள்ளிகளை இட்டு இங்கே சொல்கிறேன்.

மூன்று சோதனைகளிலும் சேர்த்துத் திரையில் ஏறிய தண்ணீர் 80.7 மி.மீ. அதை அழித்துச் சுழியமாக்கி, அப்பா செய்ததுபோலவே சிவப்பு மையில் கோடு கிழித்துத் தேதி போட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். இடையில் விடுபட்ட இரண்டு ஆண்டுகளுக்கு என்ன எழுதுவது? எல்லா நாளுக்கும் 0.0 என்று போடலாமா, அல்லது நிலையத்தின் எண்களை வாங்கி நிரப்பலாமா?

மழைக்கணக்கு:

இரண்டும் வேண்டாம். 0.0 என்பது ஒருவர் போய்ப் பார்த்து, மழை இல்லை என்று கண்டு எழுதுவது. அந்த இரண்டு ஆண்டுகளில் யாரும் பார்க்கவில்லை; ஆகவே கட்டங்கள் வெற்றாக இருக்க வேண்டும். சுழியம் போட்டால், பின்னால் யாரேனும் கூட்டும்போது கடும் வறட்சி என்று எண்ணிவிடுவார்கள். நிலையத்தின் எண்கள் வேறொரு வானத்தின் கீழ் விழுந்த மழை. அவற்றுக்குத் தனித் தாள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கருவி நின்றிருந்தது, பின் எந்தக் கம்பி மாற்றப்பட்டது, மழைமானி கழுவும் முன்னும் பின்னும் என்ன காட்டியது என்பதை மட்டும் அந்த இடத்தில் எழுதிவிடுங்கள்.

சாரல்:

அப்படியே செய்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு உரிய இடத்தை ஒரே பக்கமாக வெற்றாக விட்டு, நடுவில் நீங்கள் சொன்ன விவரங்களை எழுதினேன். நேற்று இரவு மழை பெய்தது. இன்று காலை எட்டு மணிக்கு மொத்தம் 4.2, அன்றைய மழை 4.2.